கம்பளியும் சீத்தையும்

மாவனல்லைக் கடைத்தெருவில் சீத்தை என்ற சொல்லை இன்று தமிழில் கேட்பது அரிது. அச்சில் பூப்போட்ட மலிவுப் பருத்தித் துணிக்கு அதுதான் பேர். அந்தத் துணியில் தைத்த சட்டைக்கும் பாவாடைக்கும் ரவிக்கைக்கும்கூட அதே பேர். தமிழ்நாட்டில் சீட்டி என்றார்கள். அங்கேயும் சீட்டிப் பாவாடை பழைய கதைகளோடு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வயதான பெண்கள் வாயில் மட்டும் அது தங்கியிருக்கிறது. புடைவைக் கடையில் நிற்கும் இளம் பையனிடம் "சீத்தை இருக்கா தம்பி" என்று கேட்டால் யோசிப்பான். சிங்களத்தில் "சீத்த" என்றால் உடனே துணிக்கட்டை எடுத்து மேசையில் விரிப்பான். சிங்களக் கிராமத்துப் பெண்கள் இடுப்பில் சுற்றும் சீத்தையும் மேலே போடும் ஹெட்டையும் வழக்கொழியவில்லை. கொழும்புப் பெண்கள்கூட அந்தத் துணியை இப்போது விரும்பித் தைத்துப் போடுகிறார்கள். தமிழில்தான் சொல் கழன்றுவிட்டது. அது கழன்றதற்குக் காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். அது புழங்கிய காலத்தில் தோட்டத்துப் பெண்களுக்கு அந்தத் துணி என்னவாக இருந்தது என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரு பெண்ணைச் சுற்றியிருந்த பொருள்களில் பெரும்பாலானவை தோட்டம் கொடுத்தவை. லயத்துக் காம்பரா தோட்டத்துடையது. அரிசி தோட்டம் அளந்து கொடுத்தது, கூலியில் கழித்துக்கொண்டது. கூடையும் ரப்பர் பால்வாளியும் தோட்டத்துடையவை. பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவும் அப்படியே. குளிருக்கும் மழைக்கும் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி வந்தது. தடித்த, கறுத்த, நனைந்தால் ஆட்டு வாடை அடிக்கிற கம்பளி. அதையும் இனாமாகக் கொடுக்கவில்லை. விலையைக் கூலியில் பிடித்தார்கள். ஆனால் எந்தக் கம்பளி, எந்த நிறம் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் ஒரே கம்பளி. மலையில் வரிசையாக நிற்கிற பெண்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒருத்தியை மற்றவளிலிருந்து பிரித்தறிய முடியாமல் செய்தது அதுதான்.

சீத்தை மட்டும் அவள் பார்த்து எடுத்தது. நான்கு கட்டுத் துணியை விரித்துப் போட்டால் மூன்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஒன்றைத் தொட்டு "இது" என்று சொல்லும் உரிமை அவளுக்கு இது ஒன்றில்தான் இருந்தது. இதைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வேலைநாள் பதிவான செக்ரோலில் அவள் ஒரு பேர்; அரைநாள் வேலையென்றால் அரைப்பேர். கங்காணியின் கணக்கில் அவள் ஒரு கடன். துணிக்காரர் முன்னால் மட்டும் அவளுக்குப் பிடித்த பூ எது என்று ஒருவர் காத்திருந்தார்.

கூலியைச் சொன்னால் இதன் எடை புரியும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி 1929இல் நிர்ணயித்த நாட்கூலி, தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40, சிறுவருக்கு 30. நடுநாட்டில் 52, 41, 31. மலைநாட்டில் 54, 43, 32. ஒரே ரப்பர் மரத்தின் பட்டையை ஒரே கத்தியால் சீவினாலும் பெண்ணுக்குப் பத்துப் பதினொரு சதம் குறைவு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி வர 1984 ஆயிற்று. அந்தக் குறைந்த கூலியையும் பல வீடுகளில் அவள் கையால் வாங்கவில்லை. சம்பள மேசையில் அப்பனோ புருஷனோ போய் நின்று வாங்கினான். பிறகு கடைப்பற்று, கங்காணிக் கடன், கோயில் வரி. அதற்கு முந்திய தலைமுறைக்குத் துண்டு முறை இருந்தது: ஒருவரின் கடன் எவ்வளவு, அதைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921இல்தான் அதைச் சட்டம் ஒழித்தது. இத்தனையும் போக மிஞ்சியதில், அல்லது மிஞ்சாமல் அடுத்த சம்பளத்தின் பேரில், இரண்டு யார் சீத்தை.

அதைக் கொண்டுவந்தவர் பொட்டணி நானா. மாவனல்லை, ஹெம்மாத்தகம, அரநாயக்கப் பக்கத்து முஸ்லிம் ஊர்களிலிருந்து சம்பள நாளையும் தீபாவளி, பொங்கல் நெருக்கத்தையும் கணக்கு வைத்துத் தோட்டம் ஏறினார்கள். வெளியார் லயத்துக்கு வருவது துரைமாருக்குப் பிடிக்காது, ஆனாலும் வந்தார்கள். வெள்ளைத் துணியில் நாலு மூலையையும் முடிந்த பொட்டணி, தோளில் யார்க்கோல். நடுலயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து முதலில் தண்ணீர் கேட்பார். பொட்டணியை அவிழ்ப்பதில் அவசரப்பட மாட்டார். கஞ்சியும் அச்சுச் சாயமும் சேர்ந்த புதுத்துணி வாசனை எழும்பும்போதே அடுத்த லயத்துப் பெண்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

என் அம்மாயி துணி பார்க்கிற விதத்தை நான் சிறுவயதில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பூவை அவள் முதலில் பார்ப்பதேயில்லை. துணியைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பாள். அச்சு எவ்வளவு ஊறியிருக்கிறது என்று. பிறகு ஓரத்தை இரண்டு கைக்கும் நடுவே வைத்துக் கசக்குவாள். மலிவுத் துணிக்குக் கஞ்சியை ஏற்றிக் கனமாகக் காட்டுவார்கள். கசக்கினால் வெள்ளையாக உதிரும். அதிகம் உதிர்ந்தால் முதல் அலசலிலேயே அது சல்லடை. அடுத்தது கட்டைவிரலை எச்சிலில் தொட்டுச் சிவப்புப் பூவின்மேல் தேய்ப்பது. விரலில் சிவப்பு ஒட்டினால் முகத்தைச் சுளிப்பாள்.

"நானா, சாயம் போகும் போலயே."

"போனா எங்கிட்ட கொண்டு வாங்க தங்கச்சி, வேற தாரேன்."

அம்மாயி அவரைவிட மூத்தவள். ஆனாலும் தங்கச்சி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் துணியை மார்பில் வைத்துப் பார்ப்பாள். அப்போது முகம் வேறாக இருக்கும். சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பெரிய பூ குட்டையானவளுக்கு ஆகாது. மஞ்சள் நிலத்தில் பச்சைக் கொடி மண்ணை மறைக்காது. சின்னப் புள்ளி என்றால் ஒட்டுப் போட்டாலும் தெரியாது. முடிவானதும் நானா யார்க்கோலால் அளப்பார், கடைசியில் நாலு விரல் சேர்த்து விடுவார், ஓரத்தைக் கத்தரியால் ஒரு நறுக்கு நறுக்கிவிட்டு இரண்டு கையாலும் கிழிப்பார். சர்ரென்று ஒரு சத்தம். கிழித்த பிறகு வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அது எழுதாத சட்டம். சல்லி இருந்தால் கைக்குக் கை. இல்லாவிட்டால் நானாவின் கொப்பியில் பேர் ஏறும். அந்தக் கொப்பியில் அவள் புருஷன் பேரில் இல்லை, அவள் பேரிலேயே இருந்தாள்.

இதைச் சொல்லும்போது எச்சரிக்கையும் வேண்டும். கடனுக்கு வாங்கிய இரண்டு யார் துணியைக் காட்டி, தோட்டத்துப் பெண் சுதந்திரமாக இருந்தாள் என்று எவராவது எழுதினால் அது பொய். மழைநாளில் வேலை நின்றால் கூலி நின்றது, நானாவின் கொப்பி நிற்கவில்லை. நான் சொல்வது அதைவிடச் சிறியது. ஆனாலும் உறுதியாகச் சொல்வேன். அவளுடைய ரசனை என்று ஒன்று இருந்தது, அது வேலை செய்த இடம் சீத்தை. மலையகத்தின் வரலாற்றைக் கூலியாகவும் குடியுரிமையாகவும் மரண எண்ணிக்கையாகவும் எழுதியிருக்கிறோம், எழுதவேண்டியதுதான். அதில் ஒரு பெண்ணும் எதையும் பார்த்து ஆசைப்பட்டதாக ஒரு வரி கிடைக்காது.

சீத்தையின் ஆயுசு நீளம். தீபாவளிக்குப் புதுசு. அடுத்த தீபாவளி வரை கோயிலுக்கும் மாவனல்லை டவுனுக்கும். பிறகு மலைக்கு. கேகாலைப் பக்கத்தில் தேயிலைக்கு நிகராக ரப்பரும் உண்டு. ரப்பர் மலைக்குப் போன துணி திரும்பிவராது. விடியுமுன் பால் வெட்டப் போகிறவள் பழைய சீத்தைக்கு மேலே புருஷனின் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வாள். அப்படியும் சிரட்டையிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது பால் தெறிக்கும். தெறித்த பால் முதலில் வெள்ளை. வெயில் ஏற மஞ்சளாகி, இரண்டு நாளில் கறுத்துத் தோலாகும். சோப்புக்குப் போகாது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தால் கொஞ்சம் இளகும். கறையோடு பூவும் மங்கும். மடியில் ஒட்டுப்பாலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவதால் துணியின் முன்பக்கம் பலகைபோல விறைத்துவிடும், பின்பக்கத்தில் மட்டும் பழைய பூக்கள் தெரியும். அந்த நிலையிலும் எறியமாட்டார்கள். நல்ல பாகத்தை வெட்டி எடுத்துப் பிள்ளைக்குச் சட்டை. அதற்கும் ஆகாததில் தலைத்துணி, தூளிக்கு ஒட்டு, பிள்ளைக்குப் பீத்துணி, வயதுவந்தவர்களுக்குத் தூரத்துணி. கடைசியில் அடுப்படியில் கரித்துணி. எங்கள் பெண்கள் மாதாமாதம் எதை வைத்துச் சமாளித்தார்கள் என்று எந்த அறிக்கையும் எழுதவில்லை. பழைய சீத்தையை வைத்துத்தான். பருத்தி என்பதால் அது தாங்கியது. பின்னால் வந்த நைலான் தாங்கவில்லை.

மாவனல்லைக்குத் துணி வந்த வழி பழையது. கண்டி அரசர் காலத்தில் பொதிமாடு ஓட்டும் மடிகே சேவை பெரும்பாலும் முஸ்லிம்களிடம் இருந்தது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் தவளம் மாடுகளில் மேலே போயின. பாக்கு கீழே இறங்கியது. நாலு கோறளை அந்த வழியில் கிடந்த நாடு. ஆங்கிலேயர் 1820களில் கொழும்பு–கண்டி வீதியைப் போட்டார்கள். மாவனல்லையில் மகா ஓயாவுக்குக் குறுக்கே வளைவுகள் வைத்த செங்கல் பாலம் 1833இல் எழுந்தது. இன்றைக்கும் வாகனம் அதன்மேல்தான் ஓடுகிறது. அரிசியும் துணியும் ஏற்றிய வண்டிகள் கோப்பித் தோட்டங்களுக்கு ஏறின, கோப்பி ஏற்றி இறங்கின. உத்துவன்கந்தையில் ஒளிந்திருந்து இந்த வண்டிகளைத்தான் கொள்ளைக்காரன் சரதியல் மறித்தான். அவனும் அவனுடைய கூட்டாளி மம்மலே மரிக்காரும் 1864 மே 7ஆம் தேதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது பாதை ரம்புக்கன வழியாகப் போனது, மாவனல்லை ஒதுங்கிவிட்டது. ரயில் ஒதுக்கிய ஊரைத் தாங்கிப்பிடித்தது அந்த வீதியும் அதில் நடந்த வியாபாரமும்.

துணியின் வழி இன்னும் நீளமானது, அதன் தொடக்கம் நம் கடற்கரையில். பழவேற்காட்டிலும் மசூலிப்பட்டினத்திலும் துணியைக் கடுக்காய்க் கஷாயத்திலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, படிகாரத்தால் பூ வரைந்து, சாயவேர்க் கொப்பரையில் போட்டு எடுத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். வெயிலில் வெளுத்தாலும் அது போகாது. நீலத்துக்கு அவுரி, காக்க வேண்டிய இடத்துக்கு மெழுகு. அந்தச் சிவப்பைக் கொடுத்த சாயவேர் இலங்கையிலும் மணற்பாங்கான வடகரையில் விளைந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அதைத் தோண்டி எடுப்பதை ஒல்லாந்தக் கம்பெனி தன் தனியுரிமையாக வைத்திருந்தது. வேர் தோண்டுவதையே பிறவித் தொழிலாகச் சுமத்தப்பட்ட மக்கள் இருந்தார்கள். அவர்கள் தோண்டிய வேர் யார் யார் உடம்பில் பூவாக மலர்ந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஐரோப்பாவில் அந்தத் துணிமேல் ஏறிய மோகம் அங்கிருந்த நெசவாளிகளின் வயிற்றில் அடித்தது. பிரான்ஸ் 1686இல் தடைபோட்டது, 1759 வரை நீக்கவில்லை. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் செய்தது. 1719இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிகள் தெருவில் பருத்தி அச்சுத்துணி உடுத்திப் போன பெண்களைப் பிடித்து உடம்பிலேயே கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். அவர்களின் பசி உண்மை. ஆனால் கம்பெனியைத் தொட முடியாதவர்கள் தொட்டது ஒரு பெண்ணின் உடையை. எனக்கு இது தூரத்து வரலாறாகப் படவில்லை. பிறகு இங்கிலாந்தே உருளையில் அச்சடிக்கக் கற்றது. தாமஸ் பெல் 1783இல் உருளை அச்சுக்குக் காப்புரிமை எடுத்தார். 1869க்குப் பிறகு சாயவேரின் சிவப்பை ஜெர்மன் ரசாயனம் செய்துகொடுத்தது. மான்செஸ்டர் துணி நம் கரைக்கே வந்து இறங்கியது. நம் அச்சுக்காரர்களில் பலர் வேலையிழந்தார்கள், அவர்களுடைய ஜில்லாக்களிலிருந்து எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். அரண்மனைத் திரையாக இருந்த துணி இங்கிலாந்தில் எல்லார் வீட்டுக்கும் வந்ததும் மதிப்பிழந்தது. 1851இல் நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் ஒரு கடிதத்தில் அந்தத் துணியின் பேரையே மட்டமானது என்ற பொருளில் எழுதிவிட்டார். மலிந்தால் மதிப்புப்போகும் என்பது எங்கும் நடப்பது. யாருக்கு மலிந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

எங்கள் லயங்களுக்கு மலிந்தது ஜப்பானிலிருந்து. 1930களின் தொடக்கத்தில் தேயிலையும் ரப்பரும் விலை விழுந்து, குறைந்தபட்சக் கூலியை வெட்டி, ஆயிரக்கணக்கானவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வேளை அது. ஜப்பான் சீத்தை மான்செஸ்டர் துணியைவிட மிக மலிவாக வந்து இறங்கியது. கூலி குறைந்த பெண்ணும் வருஷத்துக்கு ஒரு புதுத்துணி எடுக்க முடிந்ததென்றால் அதனால்தான். 1934இல் லங்காஷயர் ஆலைகளைக் காப்பாற்ற, குடியேற்ற நாடுகளில் ஜப்பான் துணிக்குக் கோட்டா வைக்கப் பிரிட்டன் முடிவுசெய்தது. இலங்கைச் சட்டசபை அதை ஏற்கவில்லை. லண்டன் அரசாணை மூலம் திணித்தது. கடல்தாண்டி ஓர் ஆலைக்காரனின் லாபத்துக்காக இங்கே ஒரு கொழுந்துப் பெண்ணின் பாவாடைக்கு விலை ஏறியது. மலையகம் பற்றிய பேச்சில் இந்தக் கோட்டாவை யாரும் சொல்லக் கேட்டதில்லை. அரிசி விலையைப்போல, தேயிலை விலையைப்போல இதுவும் எங்கள் வரலாறுதான்.

அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1927 நவம்பரில், கதர் நிதி திரட்ட காந்தி இலங்கை வந்தார். தோட்டத் தொழிலாளர்களும் சில்லறை சில்லறையாகக் கொடுத்தார்கள். அந்தக் காசின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. குறைந்த கூலிக்காரி ஊரில் நூற்கிற இன்னொரு ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்த காசு அது. ஆனால் கதர் விலை அவளுக்கு எட்டாது. எட்டினாலும் அந்த வெள்ளையைக் கட்டிக்கொண்டு பால் வெட்ட முடியாது. வெள்ளை வெளுக்கச் சோப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், வெயில் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே நேரம் வேண்டும். பூப்போட்ட துணி அழுக்கைத் தாங்கும். அவள் சீத்தையை எடுத்ததில் ஆசை இருந்தது என்றேன், அறிவும் இருந்தது.

1970களைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தால் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கிலிருந்து தொடங்குவார்கள். அரிசியும் மாவும் இல்லாமல் 1973, 74இல் தோட்டங்களில் ஆட்கள் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்கு முன்னால் துணிப்பேச்சு நிற்காது. ஆனாலும் அம்மாயி சொல்வதை எழுதிவைக்கிறேன். இறக்குமதி சலுசல என்ற அரசாங்கத் துணி நிறுவனத்தின் கையில் இருந்தது. துணி சங்கக்கடைக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வந்தால் ஒரே பூ. நீலத்தில் வெள்ளை வட்டம் வந்த வருஷம் லயம் முழுக்க நீலத்தில் வெள்ளை வட்டம். கீழே சிங்களக் கிராமத்துப் பெண்களும் அதே வட்டம். பசியைச் சொல்லும்போது கம்மிய அவளுடைய குரல் இதைச் சொல்லும்போது கோபமாகும். "அந்த வருஷம் சீத்தையும் கம்பளி ஆயிருச்சு" என்றாள். இந்தக் கட்டுரையின் தலைப்பு அவளுடையது.

தமிழர்மேல் பாய்ந்த 1977ஆம் ஆண்டுக் கலவரமும் 1981ம் 1983ம் எங்கள் சப்ரகமுவத் தோட்டங்களைப் புரட்டிப்போட்டன. பலர் வவுனியாப் பக்கம் ஓடினார்கள். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறியவர்கள் ஏற்கனவே நீலகிரிக்கும் வேறு இடங்களுக்கும் போயிருந்தார்கள். மிஞ்சியவர்களில் வெளியே இறங்கவேண்டிய பெண்கள் பொட்டை அழித்துக்கொண்டார்கள், சேலையை மடித்துவைத்துவிட்டு, சிங்களப் பெண்களைப்போலச் சீத்தையைச் சுற்றி ஹெட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். அந்தத் துணி பலரைக் காப்பாற்றியது. அதை உடுத்தக் கொடுத்து, எப்படிச் சுற்றுவது என்று சொல்லிக்கொடுத்தவர்களும் கீழ்க்கிராமத்துச் சிங்களப் பெண்கள்தான் என்பதைத் தோட்டத்தில் பலர் சொல்வார்கள். ஆசையாக எடுத்த துணியை ஒளிந்துகொள்வதற்காக உடுத்தினால் அதன்பின் அதைப் பழையபடி பார்க்க முடியாது. சொல் நம் வாயிலிருந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

பெரிய காரணம் வேறு. டவுன் பள்ளிக்கூடங்களுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் போகத் தொடங்கியபோது "சீத்தைச் சட்டை" என்பது ஏசுகிற வார்த்தையாக இருந்தது. லயத்துப் பிள்ளை என்று சொல்லாமல் சொல்லும் வழி. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது. கசங்காத, சாயம் போகாத நைலெக்ஸ் வந்தது. பிள்ளைகள் அதைக் கேட்டார்கள், தாய்மார் அதையே எடுத்துக்கொடுத்தார்கள். நம் பேச்சுமொழி தேய்கிறது என்று வருந்துகிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். குத்திக்காட்டப் பயன்பட்ட சொல்லைப் பிள்ளைகள் வாயில் ஏற்றாமல் விட்ட அந்தத் தாய்மார் செய்தது சரி. என் தாயும் அப்படித்தான் செய்தாள். வருத்தம் வேறிடத்தில்: ஏச்சு போகும்போது அதோடு சேர்த்து ஒரு பெரிய அறிவும் போய்விட்டது. எச்சில் தொட்டுச் சாயம் பார்க்கிற விரல், உள்பக்கம் பார்க்கிற கண், எந்தப் பூ எந்த மலைக்கு ஆகும் என்ற தீர்ப்பு.

துணி போகவில்லை. மாவனல்லை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடை வாசல்களில் தொங்குகிற நைட்டிகளைப் பார்த்தால் தெரியும். அச்சுப்பூ, மலிவுப் பருத்தி, கஞ்சி வாசனை. லயத்திலும் ஊரிலும் வீட்டிலிருக்கும் பெண் அதைத்தான் போட்டிருக்கிறாள், தமிழச்சி, சிங்களத்தி, முஸ்லிம் பெண் என்ற பேதமில்லாமல். சீத்தை என்று அழைக்காத சீத்தை. தைத்தே வருவதால் யார்க்கோலும் இல்லை, கிழிக்கிற சத்தமும் இல்லை.

தைக்கிறவர்களோ பெரும்பாலும் அதே அம்மாயிமாரின் பேத்திகள். 1978இல் கட்டுநாயக்க வலயம், 1992இல் பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம், பிறகு அவிசாவளையில் சீதாவக்க வலயம் என்று காமென்ட் வேலை மலைக்கு அருகே வந்தது. எங்கள் கேகாலை மாவட்டத்துத் துல்ஹிரியவில் கிழக்கு ஜெர்மனி உதவியோடு அரசாங்கம் கட்டிய பெரிய நெசவாலை இருந்தது. அது கொரியக் கம்பெனி கைக்குப் போய், மூடி, இப்போது அந்த இடம் மாஸ் நிறுவனத்தின் துணிப் பூங்கா. நம் பெண்பிள்ளைகள் அங்கெல்லாம் கழுத்து வளைவும் கைமூட்டும் தைக்கிறார்கள். ஒருத்தி ஒரு நாள் முழுக்க ஒரே பாகம். துணியின் பூவை அவர்களும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் தரம் பார்க்கிற மேசைக்குப் போன என் உறவுப் பெண்ணொருத்தி, துணியை முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்க்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லையாம்.

கம்பளை ராஜத்தலாவையில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றை நடத்துகிறார்கள். செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். அங்கே போகிறவர்களிடமும் மலையகப் பெண்களிடம் வாய்மொழி வரலாறு கேட்டு எழுதும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கூலி எவ்வளவு, எந்த ஆண்டு பதிவு, எத்தனை பிள்ளை என்று கேட்ட பிறகு, நீங்கள் முதன்முதலில் உங்கள் கையால் எடுத்த சீத்தை என்ன நிறம் என்று கேளுங்கள். நிலம் என்ன நிறம், பூ சின்னதா பெரியதா, எத்தனை யார், யாரிடம் எடுத்தது, கொப்பியில் பேர் இருந்ததா, எது வேண்டாம் என்று தள்ளினீர்கள். நான் கேட்ட வீடுகளில் கூலிக்கணக்கை மறந்தவர்கள்கூட இதை மறக்கவில்லை. பட்டாணிப்புள்ளி, கொடிப்பூ, மாங்காய், நெளிவரி, வெற்றிலைப்பச்சையில் மஞ்சள் மொட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஒருத்தி, தான் தள்ளிவிட்ட துணியை அடுத்த காம்பராக்காரி எடுத்துத் தைத்துப் போட்டபோது அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லி இன்னும் ஆற்றாமைப்பட்டாள்.